பஞ்சத்தின் பேரப்பிள்ளைகள்

மலையகத்தின் வரலாற்றைப் பட்டினியின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். அதில் பிழையில்லை. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து பாதி வழியில் விழுந்தவர்கள், கோப்பிக் காலத்துக் கொள்ளைநோய்கள், கொக்கிப்புழு உறிஞ்சிய இரத்தம், எழுபதுகளின் பஞ்சம் எல்லாமே நடந்தவை. 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோதும், முதுகில் கூடை சுமந்த மெலிந்த பெண்ணின் உருவமே பதாகைகளில் நின்றது. அந்த உருவம் நம் மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதால்தான், அதே லயத்தில் இன்னொரு உடம்பு வளர்ந்து வந்ததை நாம் கவனிக்கவில்லை.

பசறையிலோ பதுளையிலோ கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களைப் பாருங்கள். சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல், முழங்கால் வலி, மூச்சிரைப்பு. கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மாக்கள், கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த பெண்கள், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் உண்டு. பலருக்குக் கைகால் மெலிவு, வயிறு மட்டும் பெருப்பு. உடற்பருமன் வசதியானவர்களின் வியாதி, கொழும்பு ஏழாம் வட்டாரத்தின் கவலை என்று நினைத்திருந்தோம். நமுனுகுலை மலையடிவாரத்துக்கும் அது எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது.

இது வெறும் கண்மதிப்பீடு அல்ல. நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் 35 முதல் 64 வயது வரையானவர்களின் ஈரலை ஸ்கேன் செய்து பார்த்த இலங்கை ஆய்வாளர்கள் 2011இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். மதுவால் வராத கொழுப்பு ஈரல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இருந்தது. வருமானம் குறைந்தவர்கள், உடலுழைப்பில் வாழ்பவர்கள் என்று தெரிந்தே தேர்ந்த மக்களிடம் கிடைத்த கணக்கு அது. நாள் முழுதும் மலையேறி இறங்குபவருக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கையை அந்த ஒரு எண் உடைத்தது. நாடு முழுவதுக்குமான எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. 2005-06இல் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வு, வயதுவந்த இலங்கையரில் ஐந்தில் ஒருவர் நீரிழிவோடோ அதன் முன்கட்டத்திலோ இருப்பதாகக் கண்டது.

மறுபக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நூற்றுக்குப் பதினேழு. தோட்டப் புறத்தில் அது முப்பத்திரண்டு. வளர்ச்சி குன்றிய பிள்ளையும் வயிறு பெருத்த தகப்பனும் சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடும் பாட்டியும் ஒரே காம்பராவில் இருக்கிறார்கள். இவர்கள் மூவரையும் பிடித்திருப்பது ஒரே வியாதிதான். அதன் வேர் சோற்றுப்பானையில் இருக்கிறது.

தோட்டத்துச் சோற்றுப்பானையை நிரப்பியது எப்போதும் வேறொருவர் கை. நெல் விளையும் நிலம் தொழிலாளிக்கு இருந்ததில்லை. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்ட நிர்வாகம் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்கூட அரிசியைச் சம்பளக் கணக்கின் ஒரு பகுதியாகவே வைத்தது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைத் தீர்மானித்தது அடுப்படியல்ல, தோட்டத்து ஸ்டோர். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது. பங்கீட்டில் கோதுமை மா நுழைந்தது. போர் முடிந்தது, அரிசி திரும்பி வந்தது, மா மட்டும் போகவில்லை. விறகும் நேரமும் குறைந்த வீட்டில், விடியுமுன் ஆள் எண்ணும் பிரட்டுக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு, ரொட்டி சுடுவது சோறாக்குவதைவிடச் சுலபம். மத்தியானம் மலையில் வைத்துச் சாப்பிடவும் கட்டிக்கொண்டு போகலாம். அமெரிக்க உதவித் திட்டத்தில் வந்த மா அறுபது, எழுபதுகளில் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கியது. 1980இல் திருகோணமலையில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கிய பிறகு, கோதுமை ஒரு மணிகூட விளையாத நாட்டில் அதன் மா எல்லாக் கடையிலும் கிடைத்தது. இன்றைக்கும் இலங்கையில் தலைக்கு அதிகக் கோதுமை மா உண்பவர்கள் தோட்ட மக்களே.

இதற்கு நடுவில் 1973-74 வந்தது. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அரசு பங்கீட்டு அரிசியையும் சீனியையும் குறைத்தது. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலோ ஒரு பலாமரமோ இருந்தது. தோட்டத்தானுக்குப் பங்கீட்டு அட்டை மட்டுமே. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கி வைத்திருந்ததால் அவர்களுக்காகக் கேட்க வாக்கும் இல்லை. மரவள்ளிக் கிழங்கிலும் கீரையிலும் நாட்கள் ஓடின. பட்டணத்துத் தெருக்களில் தோட்டத்து மனிதர்கள் கையேந்தினார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் வேறெந்தப் பகுதியையும்விட மேலே ஏறியது. பலர் சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குக் கப்பலேறியதற்கு அந்தப் பசியும் ஒரு காரணம்.

அந்தப் பஞ்சத்தில் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இன்று ஐம்பது வயது தாண்டிவிட்டது. நீரிழிவும் மாரடைப்பும் கதவைத் தட்டும் வயது அது. ஹாலந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்தபோது வந்த பட்டினியை அந்நாட்டு மருத்துவர்கள் பத்தாண்டுக் கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தாயின் வயிற்றில் முதல் மாதங்களில் பசியைக் கண்டவர்களிடம் பத்தொன்பது வயதில் உடற்பருமன் கூடுதலாக இருந்ததை 1976இல் வெளியான ஆய்வு காட்டியது. பிற்பாடு, கருவில் பட்டினி கண்டவர்களின் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாள முடியாமல் திணறுவதும் தெரிந்தது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர், ஹேர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்துத் தாதிகள் எழுதி வைத்த பழைய பிறப்பெடைப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, எடை குறைந்து பிறந்த பிள்ளைகளே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் இறந்ததைக் கண்டார். பற்றாக்குறைக்கென்று தயாரான உடம்பு, மாவும் சீனியும் மலிந்த காலத்தில் ஒவ்வொரு கவளத்தையும் கொழுப்பாக்கிச் சேமிக்கிறது.

இதன் தெற்காசிய முகத்தைக் காட்டியவர் புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். 2004இல் லான்செட் இதழில் அவரும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜோன் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படமொன்று வந்தது. இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் ஒன்றே: 22.3. யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 வீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பலரின் நிலை இதுதான். அதனால்தான் அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும், 27.5இல் அபாயம் கடுமை என்று தாழ்ந்த எச்சரிக்கை எல்லைகளை வகுத்தது. ஐந்தடி உயரமுள்ள ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு இதை நிறையில் சொன்னால், 53 கிலோவிலிருந்து கவனம், 64 கிலோவை எட்டினால் கடுமை. அந்த நிறையில் இருப்பவரைப் பார்த்து எவரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். நல்லாயிருக்கிறாய் என்றுதான் சொல்வார்கள்.

எனவே தராசைவிட அளவு நாடா நம்பத் தகுந்தது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினால் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு படிகிறது என்று பொருள். அந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது, இரத்தக் குழாயைத் தடிக்க வைக்கிறது, ஈரலில் ஏறுகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பாரிசவாதம், பித்தக்கல், முழங்கால் தேய்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறும் கருத்தரிப்பதில் சிக்கலும் கர்ப்பகால நீரிழிவும் இதிலிருந்து கிளைக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் பதின்மூன்று வகைப் புற்றுநோய்களை அதிக உடற்கொழுப்போடு தொடர்புபடுத்தியது. கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணுக்கு இவற்றில் முதலில் தெரிவது முழங்கால்தான். முழங்கால் போனால் பேர், அதாவது அன்றைய வேலைப் பதிவு, போகும், பேர் போனால் அந்த நாளின் சம்பளம் போகும்.

இந்த இடத்தில் குற்றம் சாட்டும் விரல் நோயாளியை நோக்கி நீள்கிறது. வாயைக் கட்டு, நடந்து போ, மாவைக் குறை என்கிறார்கள். சொல்வது சுலபம். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி என்று கணக்குப் போட்டால் அறுபது கிராமைத் தாண்டும். ஒரு நாளுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் வேண்டாம், இருபத்தைந்துக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல். ஆனால் காலையில் வெறும் ரொட்டியோடு மலைக்குப் போகிறவருக்கு அந்தச் சீனித் தேத்தண்ணிதான் பத்து மணிவரை தாங்கும் தெம்பு. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாகப் பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் உயர்ந்தது. அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்து, 2022 செப்டம்பரில் கொழும்பு உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. முட்டையும் மீனும் பருப்பும் முதலில் தட்டிலிருந்து விலகின, மாவும் சீனியும் தங்கின. 2024இல் சம்பளம் 1,350 ஆனபோதும் விலகியவை முழுதாகத் திரும்பவில்லை. ஒருவருடைய மன உறுதியைப் பற்றிப் பேசுமுன் அவர் சட்டைப்பையைப் பார்ப்பதுதான் நியாயம்.

உடல் மெலிவு விரதத்தால் மட்டும் வருவதில்லை என்பதை அறிவியலும் மெல்லத்தான் ஒப்புக்கொண்டது. 1994இல் கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினும், 1999இல் இரைப்பை சுரக்கும் கிரெலினும் கண்டுபிடிக்கப்பட்டன. பசி, மூளையும் குடலும் கொழுப்பும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு என்பது அப்போதுதான் தெளிவானது. நிறை குறைந்ததும் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, உடம்பு எரிக்கும் சக்தி குறைகிறது. இழந்த நிறையை மீட்க உடம்பே முயல்கிறது. மிகையான பருமனை அடைந்த ஒருவர் உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் அதைக் குறைத்து, குறைந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்பது அரிது. நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை இந்த விவாதத்துக்குள் வந்தது இந்த இயலாமையினால்தான்.

அந்தச் சத்திரசிகிச்சையின் வரலாறு பெருமைக்குரிய இடத்தில் தொடங்கவில்லை. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து இணைக்கும் முறை விவரிக்கப்பட்டது. நிறை குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றோட்டம், சிறுநீரகக் கல், ஈரல் செயலிழப்பு வந்தன. எண்பதுகள் தொடங்குவதற்குள் அந்த முறையைக் கைவிட்டார்கள். 1966இல் அயோவாவில் எட்வர்ட் மேசன், இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிய நோயாளிகள் மெலிவதைக் கவனித்து இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். தொண்ணூறுகளில் சிறு துளைகள் வழியாகச் செய்யும் முறை வந்த பிறகு ஆபத்தும் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களும் குறைந்தன.

இப்போது உலகில் அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஒன்றான இரைப்பைக் குறைப்பில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக்குகிறார்கள். வெட்டியெடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. மற்றதான மாற்றுவழிச் சத்திரசிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதியில் முப்பது மில்லிலீற்றர் அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். குறைவாகச் சாப்பிட வைப்பது மட்டுமல்ல இவற்றின் பலன். கிரெலின் குறைகிறது, உணவு குடலின் கீழ்ப்பகுதியை விரைவில் தொடுவதால் வயிறு நிறைந்ததாகச் சொல்லும் சுரப்புகள் கூடுகின்றன. இன்சுலின் தன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

அதனால்தான் நிறை பெரிதாகக் குறைவதற்கு முன்பே பலருக்கு இரத்தச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. 1995இல் வோல்டர் போரிஸ் வட கரோலினாவில் 608 நோயாளிகளைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, நீரிழிவு இருந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை சீரானதாக எழுதியபோது மருத்துவ உலகம் வியந்தது. 1987இல் தொடங்கிய சுவீடன் ஆய்வு, சத்திரசிகிச்சை செய்த ஏறத்தாழ இரண்டாயிரம் பேரையும் செய்யாத அதே அளவினரையும் ஒப்பிட்டு, செய்தவர்களிடம் இறப்பு ஏறக்குறைய கால்வாசி குறைந்ததை 2007இல் அறிவித்தது. அதற்காக இதைச் சர்வரோக நிவாரணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் ஆஸ்பத்திரியில் 150 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஐந்தாண்டு முடிவில் இரத்தச் சர்க்கரை இலக்குக்குள் நின்றவர்கள் மாற்றுவழிச் சத்திரசிகிச்சையில் 29 வீதம், இரைப்பைக் குறைப்பில் 23 வீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 வீதம். மருந்தைவிடப் பலமடங்கு மேல். ஆனாலும் பத்தில் ஏழு பேர் அந்த இலக்கைத் தொடவில்லை.

விலையும் உண்டு. தையல் போட்ட இடம் கசியலாம், இரத்தம் வடியலாம், காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறலாம். தேர்ந்த கைகளில், ஆயத்தமான ஆஸ்பத்திரியில் இவை அரிது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு உயிர் போகும் ஆபத்து, பித்தப்பை அகற்றுவது போன்ற வழக்கமான சத்திரசிகிச்சைகளின் ஆபத்தை ஒத்ததுதான். ஆனால் ஆயத்தமில்லாத இடத்தில் கதை வேறு. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் உயிரிழந்தார், தமிழ்நாட்டு அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. சுவரொட்டியில் சிரிக்கும் முன்-பின் படங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அந்தச் செய்தியையும் படித்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளிலிருந்து எழுகிறது. சிறு இரைப்பையோடு வாழ்பவர் ஒவ்வொரு கவளத்திலும் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். இரும்பு, கல்சியம், பி-12, பி-1 உள்ளிட்ட உயிர்ச்சத்துகளை வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும், ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். பிள்ளை பெற நினைக்கும் பெண் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுக்க வேண்டும். சீனித் தேத்தண்ணி குடித்தால் சிலருக்குத் தலைசுற்றி வியர்த்துக் கொட்டும். ஏற்கெனவே இரத்தச்சோகை மலிந்த தோட்டத்தில், முட்டை வாங்கக் கணக்குப் பார்க்கும் வீட்டில், இந்த நியமங்களை யார் தாங்குவது? உரிய உணவும் தொடர் கண்காணிப்பும் இல்லாமல் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்து அனுப்பினால், ஒரு சத்துக்குறைவை இன்னொரு சத்துக்குறைவால் மாற்றியதாகவே முடியும்.

எட்டக்கூடிய தூரத்திலும் அது இல்லை. இலங்கையில் இந்தச் சத்திரசிகிச்சை கொழும்பிலும் அதைச் சுற்றியும் உள்ள சில அரச, தனியார் வைத்தியசாலைகளில் குவிந்திருக்கிறது. அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை என்பது இந்த நாட்டின் பெருமை. ஆனால் பசறையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ், கூட ஒருவர், இரண்டு பேரின் இழந்த பேர், மறுநாள் கிளினிக், மறுபடி பஸ் என்று கணக்குப் போட்டால் இலவசத்துக்கும் விலை உண்டென்பது புரியும். 1991இல் வந்த அமெரிக்க வழிகாட்டல் சுட்டெண் 40ஐத் தாண்டியவருக்கும், நோயோடு 35ஐத் தாண்டியவருக்கும் மட்டுமே இதைப் பரிந்துரைத்தது. 2022இல் அந்த எல்லைகள் இறங்கின. ஆசியருக்கு 27.5இலேயே யோசிக்கலாம் என்றாகிவிட்டது. எல்லை இறங்க இறங்கத் தகுதியானவர்கள் கூடுவார்கள். வசதி கூடாவிட்டால் தகுதி ஏட்டோடு நின்றுவிடும்.

மலையகத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. எண்பதுகளில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்து ஊக்குவித்தபோது, தோட்டப் பெண்கள் மற்றப் பெண்களைவிட அதிகமாக அதற்கு ஆளானார்கள். பணத்தேவைக்காக ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் புரியும் மொழியில், முழுதாக விளக்கிச் சொல்லிச் செய்தார்களா என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. ஆகவே திருப்ப முடியாத இன்னொரு சத்திரசிகிச்சையைப் பற்றித் தோட்டத்தில் பேசுபவர் தமிழில் பேச வேண்டும், அவசரப்படாமல் பேச வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்களத்தில் எழுதிய படிவத்தில் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது.

இடையில் புதிய ஊசிமருந்துகள் வந்துவிட்டன. நிறைக்குறைப்புக்கென்று செமாக்ளுரைடு 2021இலும் டிர்செப்படைடு 2023இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முன்னர் நீரிழிவுக்குக் கொடுத்தவையே இவை. வேறெந்த மருந்தும் காட்டாத அளவுக்கு நிறை குறைகிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வருகிறது. விலை ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை விழுங்கும். விலை இறங்கும் நாள் வரும், வரவேண்டும். அதுவரை கொழும்பில் சிலர் மெலிவதும் மலையில் பலர் காத்திருப்பதும் நீதியாகாது.

நெடுநோக்கில் பார்த்தால் வரலாறு நமக்கு இரண்டு பக்கமும் பாடம் வைத்திருக்கிறது. ஹாலந்துப் பட்டினி கருவிலேயே தீங்கு விதைத்தது. இங்கிலாந்திலோ போர்க்காலச் சீனிப் பங்கீடு 1953இல் முடியும்வரை கருவிலும் குழந்தைப் பருவத்திலும் குறைந்த சீனியோடு வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்ததாக 2024இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அரசின் உணவுக் கொள்கை ஒரு தலைமுறையைக் கெடுக்கவும் முடியும், காக்கவும் முடியும். இலங்கை 2016இல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறியைக் கட்டாயமாக்கியது. 2018ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் கிராமுக்கு ஐம்பது சதம் வரி போட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் வரி பிற்பாடு தளர்த்தப்பட்டது.

செய்ய வேண்டியவை பெரிய இரகசியமல்ல. தோட்டத்து மருந்தகத்தில் கர்ப்பிணியின் நிறையை எழுதுவது போலவே முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எல்லோருடைய இடுப்பளவையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆண்டுக்கொரு தடவை எழுத வேண்டும். அதற்கு ஓர் அளவு நாடாவும் ஒரு பதிவேடும் போதும். வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளம் வெட்டாமல் இதைச் செய்ய நிர்வாகங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் முட்டையும் பருப்பும் பாலும் உறுதியாகக் கிடைக்க வேண்டும். அடுத்த ஐம்பதாண்டின் நீரிழிவைத் தடுக்கும் இடம் அந்தத் தட்டுதான். லயத்தைச் சுற்றியுள்ள வெற்று நிலத்தைத் தோட்டக் குடும்பங்களுக்குக் காய்கறிக்கும் கோழிக்கும் உரித்தாக எழுதிக் கொடுப்பது நில உரிமைக் கோரிக்கை மட்டுமல்ல, சுகாதாரக் கோரிக்கையும்தான். சத்திரசிகிச்சை உண்மையாகவே தேவைப்படும் சிலருக்குப் பசறையிலிருந்து பதுளை, பதுளையிலிருந்து கொழும்பு என்று ஒரு நேர்வழியும், திரும்பி வந்தபின் கண்காணிக்கப் பதுளையிலேயே ஓர் உணவு ஆலோசகரும் இரத்தச் சோதனையும் வேண்டும். அவ்வளவு ஏற்பாடும் இல்லாமல் ஒருவரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பக் கூடாது. ஏற்பாடு இருந்தும் ஏழை என்பதற்காக ஒருவருக்கு மறுக்கவும் கூடாது.

பருமனானவரைக் கேலி செய்வதை முதலில் நிறுத்துவோம். அவர் உடம்பில் அவருடைய வாய்ச்சபலத்தைவிட அவருடைய பாட்டி காலத்துப் பங்கீட்டு அட்டையும் அம்மாவின் வெறும் ரொட்டியும் அதிகம் எழுதப்பட்டிருக்கின்றன. மருத்துவர் கத்தி எடுப்பது கடைசிக் கட்டம். அதற்கு முந்திய கட்டங்களெல்லாம் சம்பளச் சபையிலும் உணவு அமைச்சிலும் தோட்ட நிர்வாகத்திலும் நடப்பவை. அங்கே கேட்க வேண்டியதைக் கேட்காமல், நோயாளியிடம் மட்டும் வாயைக் கட்டச் சொல்வது மலையகத்துக்குச் செய்யும் இன்னொரு அநீதி. இந்த வாரம் உங்கள் வீட்டில் நாற்பதைத் தாண்டியவர்களின் இடுப்பை ஒரு நாடாவால் அளந்து பாருங்கள். எண் எல்லையைத் தாண்டியிருந்தால் வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த சம்பளப் பேச்சு வரும்போது, உங்கள் தொழிற்சங்கத் தலைவரிடம் சம்பளத்தோடு முட்டையையும் பருப்பையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.